மணல் தள்ள ஒரு டிராக்டர்

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் நீங்கள் எல்லோரும் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "சார், பண்ணைக்கு டிராக்டர் கேட்டு ஆள் வந்தா எத்தனை எச்.பி. சொல்லணும்?" இந்த முசஃபா ஷோரூமில் முப்பது வருடத்துக்கு மேல் டிராக்டர் விற்றவன், இவனிடம் அதற்கு ஒரு பட்டியல் இருக்கும் என்று நினைக்கிறீர்கள். இருந்தது. எத்தனை ஏக்கர், என்ன மண், எத்தனை மரம், புல்வெளி உண்டா இல்லையா என்று பார்த்தால் விடை சொல்லிவிடும் பட்டியல். அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு நான் செய்த தவறு ஒன்றை உங்களுக்குச் சொல்லிவிட்டுப் போகலாம் என்று நினைக்கிறேன். விற்ற வண்டிகளைப் பற்றிப் பேசினால் நீங்கள் கைதட்டுவீர்கள். அதனால் உங்களுக்கு ஒரு பயனும் இல்லை.

பாலைவனத்தில் லிவா போகும் சாலையிலிருந்து பிரிந்து ஆறு கிலோமீட்டர் உள்ளே ஒரு பண்ணை. சொந்தக்காரர் எழுபது வயதைத் தொட்ட எமிராத்திக்காரர். பண்ணையாட்கள் அவரை அர்பாப் என்பார்கள், முதலாளி என்று அர்த்தம். நானும் அப்படியே சொல்கிறேன். பேரீச்சை மரங்கள், ஆட்டுக்கொட்டில், விருந்தினர் வந்தால் உட்காரப் பெரிய புல்வெளி, அதைச் சுற்றிப் பூச்செடிகள். எல்லாவற்றையும் அவரே நின்று உருவாக்கியிருந்தார். நெடுஞ்சாலையிலிருந்து பண்ணைக்கு வரும் பாதை மட்டும் அவர் கட்டுப்பாட்டில் இல்லை. காற்று வீசினால் அதில் மணல் ஏறிவிடும். தோட்ட வேலைக்கும் பாதையில் மணல் தள்ளவும் ஒரே டிராக்டர் வேண்டும் என்று ஷோரூமுக்கு வந்தார்.

எங்களிடம் இருந்த விற்பனைக் கையேடு குளிர் நாட்டில் அச்சடித்தது. அதில் ஒரு சின்ன டிராக்டரின் படம். ஒரு பக்கத்தில் அது வீட்டுத் தோட்டத்தில் புல் வெட்டுகிறது. எதிர்ப்பக்கத்தில் அதே வண்டி, முன்னால் ஒரு பிளேடை மாட்டிக்கொண்டு, பாதையில் கிடக்கும் பனியைத் தள்ளுகிறது. அர்பாப் அந்தப் படத்தை விரலால் தட்டினார். பழைய பம்பாய்த் தொடர்பில் கற்றுக்கொண்ட இந்தியில், "அவர்களுக்குப் பனி, எங்களுக்கு மணல். வேலை ஒன்றுதானே?" என்றார்.

நானும் சிரித்துக்கொண்டே, "ஒன்றுதான்" என்றேன்.

ஆனாலும் இடத்தைப் பார்க்காமல் விற்கிற பழக்கம் எனக்கு இல்லை. அந்த மாதமே பண்ணைக்குப் போனேன். ஜனவரி. வானம் கழுவி வைத்தது போல இருந்தது. இலை அசையவில்லை. மரத்துக்கும் மரத்துக்கும் இடையில் டேப் பிடித்து அளந்தேன். மட்டைகள் எவ்வளவு தாழ்வாகத் தொங்குகின்றன என்று பார்த்தேன். சொட்டுநீர்க் குழாய்கள் ஒரு சாண் ஆழத்தில்தான் கிடந்தன. புல்வெளியைக் காலால் அழுத்தினால் அமுங்கியது. பெரிய வண்டி உள்ளே வந்தால் மட்டை ஒடியும், குழாய் உடையும், புல்வெளி பள்ளமாகும். சின்ன வண்டி, திறந்த இருக்கை, அகலமான டயர், முன்னால் பிளேடு. என் பட்டியல் சொன்னதும் அதுதான்.

அளந்துகொண்டிருந்தபோது என் கூடவே நடந்து வந்தவர் முருகேசன். அந்த வண்டியை ஓட்டப்போகிறவர். அரியலூர்ப் பக்கத்து ஆள், முப்பத்தைந்து வயது இருக்கும். அதற்கு முன் ஒரு கட்டுமான சைட்டில் மண் அள்ளும் ஷவல் ஓட்டியவர். அதிகம் பேசமாட்டார். நான் டேப்பைச் சுருட்டும்போது கேட்டார்:

"சார், எந்த வண்டின்னு முடிவு பண்ணிட்டீங்களா?"

சொன்னேன்.

"மரத்துக்கு நடுவுல ஓட்டுறது காலையில ரெண்டு மணி நேர வேலை சார். மத்த நேரமெல்லாம் பாதையில மண்ணுதான். கண்ணாடி மூடின வண்டியா, கொஞ்சம் பெருசா இருந்தா நல்லாருக்கும்."

"கேபின் வச்ச வண்டி மரத்துக்குள்ள போகாதுப்பா."

"ரெண்டுக்கும் நடுவுல ஒரு சைஸ் இருக்குமில்ல சார்? மட்டைய நாங்க கழிச்சு விட்டுக்கறோம்." கொஞ்சம் தயங்கினார். "காத்து அடிக்கிற அன்னைக்கு ஒருவாட்டி வந்து பாருங்க சார். அதுக்கப்புறம் முடிவு பண்ணுங்க."

நான் என்ன நினைத்தேன் என்று மறைக்காமல் சொல்கிறேன். ஏசிக்கு ஆசைப்படுகிறான் என்று நினைத்தேன். வெயிலில் உட்காரப் போகிற எந்த ஓட்டுநரும் கேட்பதுதானே என்று நினைத்தேன். அவர் சொன்னது வேலையைப் பற்றி. என் காதில் விழுந்தது சுகத்தைப் பற்றி. "பாக்கலாம், பாக்கலாம்" என்று தோளில் தட்டிவிட்டு வண்டி ஏறினேன். முசஃபா வந்து சேர்வதற்குள் மறந்தும் போனேன்.

சின்ன வண்டிதான் போனது. ஐந்து மாதம் ஒரு புகாரும் இல்லை. புல்வெளி அழகாக இருக்கிறது என்று அர்பாப் எனக்கு ஒரு பெட்டி பேரீச்சை அனுப்பினார்.

ஜூன் மாதம் ஷமால் தொடங்கியது. வடமேற்கிலிருந்து வீசும் அந்தக் காற்றை நீங்கள் இங்கே நகரத்தில் ஜன்னல் வழியாகப் பார்த்திருப்பீர்கள். மூன்றாவது நாள் காலை, பத்தரை மணி இருக்கும். ஷோரூமில் ஒரு வாடிக்கையாளரோடு பேசிக்கொண்டிருந்தேன். கைபேசி அடித்தது. எடுத்ததும் காற்றின் சத்தம்தான் முதலில் கேட்டது.

"சார், முருகேசன். வண்டியோட சூட்டு முள்ளு செவப்புக்குப் போயிருச்சு."

"எங்க இருக்க?"

"பாதையில சார். நாலு கிலோமீட்டர் வந்துட்டேன், இன்னும் ரெண்டு இருக்கு. ராமையா அண்ணனுக்கு நெஞ்சு வலி. ஆம்புலன்ஸ் ரோட்டுல வந்து நிக்குது, உள்ள வர முடியலைங்கறாங்க. நான் முன்னால மண்ணைத் தள்ளிக்கிட்டு வர்றேன், பிக்கப் பின்னாடி வருது. அண்ணன் அதுலதான் படுத்திருக்காரு."

ராமையா பண்ணையின் சமையல்காரர். இலங்கை மலையகத்துக்காரர், ஐம்பதைத் தாண்டியவர். நான் போனபோது எனக்குச் சோறு போட்டவர். மணலில் ஏறக்கூடிய பெரிய ஜீப்பைப் பண்ணை மேனேஜர் எடுத்துக்கொண்டு நகரத்துக்கு வந்திருந்தார். பண்ணையில் மிச்சமிருந்தது அந்தப் பழைய பிக்கப்பும் நான் விற்ற டிராக்டரும்தான்.

"முதல்ல இன்ஜினை ஆஃப் பண்ணு" என்றேன். "ரேடியேட்டர் வலையில மண்ணு அடைச்சிருக்கும். தட்டி விட்டுட்டு அரை மணி நேரம் ஆற விடு."

"ரெண்டு வாட்டி தட்டிட்டேன் சார். தட்டி முடிச்சு ஏறி உக்கார்றதுக்குள்ள மறுபடி அடைச்சிருது."

அப்போதுதான் எனக்கு அந்தப் படம் உறைத்தது. பனி தள்ளுகிற வண்டிக்குக் குளிர்ந்த காற்றே இன்ஜினை ஆற்றிக் கொடுக்கும். பனி ரேடியேட்டரில் பட்டால் உருகித் தண்ணீராகி வழிந்துவிடும். இங்கே காற்றே அடுப்பிலிருந்து வருவது போல வருகிறது. அதோடு மாவு மாதிரி மணல். பனி வேறு, மணல் வேறு. இதை ஒரு நிமிடம் உட்கார்ந்து யோசித்திருந்தால் ஜனவரியிலேயே எனக்குத் தெரிந்திருக்கும்.

"ஓட்டாதப்பா, இன்ஜின் இறுகிப் பிடிச்சிக்கும்" என்றேன்.

பின்னால் நின்ற பிக்கப்காரனிடம் அவர் ஏதோ கத்திச் சொன்னார். பிறகு கேட்டார்:

"சார், செவப்புல வச்சுக்கிட்டே ஓட்டுனா எவ்வளவு தூரம் போகும்?"

இந்தக் கேள்வியை நீங்கள் நன்றாகக் கவனிக்க வேண்டும். ஓட்டலாமா என்று அவர் என்னைக் கேட்கவில்லை. ஓட்டுவதென்று அவர் முடிவு செய்துவிட்டார். எவ்வளவு தூரம் என்று மட்டும்தான் கேட்டார். என்னிடம் அதற்குப் பதில் இருந்தது. சரியான கணக்கு இல்லை என்றாலும், அந்த இன்ஜினைப் பிரித்துப் பூட்டியவன் சொல்லக்கூடிய பதில். சின்ன மேடுகளைத் தள்ளாதே, பிளேடைத் தூக்கிக்கொண்டு ஏறிக் கடந்துவிடு. பெரிய மேட்டில் மட்டும் இறக்கு, அதையும் முழுக்கத் தள்ளாமல் பாதி பாதியாகத் தள்ளு. பிக்கப்பைக் கயிறு போட்டு இழு. இப்படிச் சொல்லியிருந்தால் அந்த இன்ஜினுக்கு இன்னும் கொஞ்ச தூரம் உயிர் இருந்திருக்கும்.

நான் சொல்லவில்லை. சொன்னால் நான் ஓட்டச் சொன்னதாக ஆகிவிடும். எதிரில் வாடிக்கையாளர் உட்கார்ந்திருந்தார். பக்கத்து மேஜையில் சர்வீஸ் மேனேஜர் தலையைத் தூக்கிப் பார்த்தார். நான் குரலைச் சரிசெய்துகொண்டு, "கம்பெனி விதிப்படி முள்ளு சிவப்புக்குப் போனா வண்டியை நிறுத்தணும்" என்றேன்.

"சரி சார்" என்றார். வைத்துவிட்டார்.

அதன் பிறகு நடந்ததை நான் மற்றவர்களிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். அவர் ஓட்டினார். கண்ணில் போட்டிருந்த கண்ணாடியில் மணல் தேய்த்து ஒன்றும் தெரியாமல் போனதால் அதைக் கழற்றி எறிந்துவிட்டு, தலைத்துண்டை முகத்தில் சுற்றிக்கொண்டு ஓட்டினார். ஒவ்வொரு மேட்டையும் முழுசாகத் தள்ளினார், அப்படித்தானே அவருக்குத் தெரியும். நெடுஞ்சாலைக்கு முந்நூறு மீட்டர் இருக்கும்போது இன்ஜின் பிடித்துக்கொண்டு நின்றது. இறங்கி ஓடிப்போய் ஆம்புலன்ஸ்காரர்களைக் கூட்டி வந்தார். ஸ்ட்ரெச்சரோடு மணலில் நடந்து வந்து ராமையாவைத் தூக்கிப் போனார்கள். ராமையா பிழைத்துக்கொண்டார். இன்னும் அரை மணி தாமதித்திருந்தால் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று மருத்துவமனையில் சொன்னார்களாம்.

நான்கு நாள் கழித்து, காற்று அடங்கிய பிறகு, வாரண்டி அறிக்கை எழுத நான் போனேன். டிராக்டரைப் பண்ணைக்கு இழுத்து வந்து கொட்டிலுக்கு வெளியே நிறுத்தியிருந்தார்கள். சுற்றிப் பார்த்தேன். இன்ஜினைத் திறந்து பார்த்தேன். பார்க்கவே தேவையில்லை, என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். பண்ணை மேனேஜர் ஒரு பக்கம் நின்றார். முருகேசன் இன்னொரு பக்கம். அவருடைய இடது கண் வீங்கி மூடியிருந்தது.

மேனேஜர் இந்தியில் கேட்டார்: "முள் சிவப்பில் இருந்தது இவனுக்குத் தெரியுமா, தெரியாதா? அதைச் சொல்லுங்கள் பாய்."

நான் பதில் சொல்வதற்குள் முருகேசனே, "மாலூம் தா" என்றார், தெரியும் என்று. என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார்: "பாத்துக்கிட்டேதான் ஓட்டுனேன் சார். நீங்க நிறுத்தச் சொன்னதும் உண்மைதான். அப்படியே எழுதுங்க."

அவர் சொன்னபடியே எழுதினேன். வண்டியின் மட்கார்டு மேல் படிவத்தை வைத்து, ஆங்கிலத்தில், எங்கள் தொழிலில் எழுதுகிற மாதிரி எழுதினேன். இன்ஜின் அதிக வெப்பத்தால் பழுதடைந்தது. எச்சரிக்கை முள் சிவப்பில் இருந்தும் ஓட்டுநர் தெரிந்தே தொடர்ந்து இயக்கினார். தயாரிப்பில் குறை ஏதும் இல்லை. எழுதி முடித்ததும் கையெழுத்துப் போட்டேன். ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அதுதான் எனக்கு வசதியாக இருந்தது. பொய் எழுதச் சொல்லியிருந்தால் நான் மறுத்திருப்பேன், என்னைப் பற்றி எனக்கு அந்த நம்பிக்கை உண்டு. உண்மையை எழுதச் சொன்னபோது கை நிற்கவே இல்லை.

மூன்று வாரம் கழித்து ஆட்டுத்தீவன எந்திரம் ஒன்றைப் பார்க்க அதே பண்ணைக்குப் போகவேண்டி வந்தது. ராமையா மருத்துவமனையிலிருந்து திரும்பியிருந்தார். வேலை செய்யக்கூடாது என்று சொல்லியிருந்ததால் சமையலறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். முருகேசன் எங்கே என்று கேட்டேன். என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"அவர அனுப்பிட்டாங்க சார். உங்களுக்குத் தெரியாதா?"

"எங்க?"

"ஊருக்குத்தான். விசாவ முடிச்சு அனுப்பிட்டாங்க. தெரிஞ்சே வண்டிய உடைச்சான்னு கம்பெனி எழுதிக் குடுத்துருச்சாம். நான் ஆஸ்பத்திரியில இருந்து வந்து பாக்கிறேன், கட்டில் காலியாக் கிடக்குது. ஒரு வார்த்தை சொல்லிக்கக்கூட முடியல்ல."

கொடுத்த டீயை என்னால் குடிக்க முடியவில்லை. கம்பெனி என்று அவர் சொன்னது என்னைத்தான். அதை அவர் தெரிந்து சொன்னாரா, தெரியாமல் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அன்று அர்பாப் பண்ணையில் இருந்தார். நேராக அவர் விருந்தினரைப் பார்க்கும் மஜ்லிசுக்குப் போனேன். மேனேஜரும் அங்கேயே இருந்தார். டிரைவரைப் பற்றிப் பேச வேண்டும் என்றேன். முருகேசன் விடுமுறையில் போயிருப்பதாக அர்பாப் நினைத்துக்கொண்டிருந்தார். மேனேஜர் கோப்பிலிருந்து என் அறிக்கையை எடுத்து அவர் கையில் கொடுத்தார். அவர் பொறுமையாகப் படித்தார்.

"இதில் எது பொய்?" என்று கேட்டார்.

"எதுவும் பொய் இல்லை."

"பிறகு ஏன் வந்தாய்?"

சொன்னேன். ஜனவரியில் அந்த டிரைவர் மூடிய வண்டி கேட்டதை, காற்று அடிக்கும் நாளில் வந்து பார்க்கச் சொன்னதை, நான் கேட்காமல் போனதை. இந்த வண்டியைத் தேர்ந்தெடுத்தது நான், அது இந்த வேலைக்குப் போதாது என்பதை. எவ்வளவு தூரம் போகும் என்று அவர் கேட்டபோது எனக்குப் பதில் தெரிந்திருந்தும் சொல்லாததை. சொல்லச் சொல்ல மேனேஜர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அர்பாப் அறிக்கையை மடித்துக் கீழே வைத்தார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். "என் ஆளை அவன் காப்பாற்றினான். நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து அவனை அனுப்பிவிட்டீர்கள். எனக்கு ஒருவரும் சொல்லவில்லை" என்றார். பிறகு மேனேஜரிடம், "புது விசா எடு. அவனைக் கூப்பிடு. கலாஸ், அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு எழுந்துபோனார்.

முசஃபா திரும்பியதும் இரண்டாவது அறிக்கை ஒன்று எழுதி என் மேலதிகாரியிடம் கொடுத்தேன். வண்டியைத் தவறாகத் தேர்ந்தெடுத்தது விற்பனைப் பிரிவு என்று அதில் இருந்தது. அவருக்கு அது பிடிக்கவில்லை. இரண்டு வருடம் என்னை ஸ்பேர் பார்ட்ஸ் கவுண்டரில் உட்கார வைத்தார்கள். அதைப் பற்றி எனக்கு வருத்தம் இல்லை.

ராமையாவிடம் எண் வாங்கி முருகேசனை அழைத்தேன். எடுத்ததும் என் குரலைக் கண்டுகொண்டார். நலமா என்று கேட்டார். அர்பாப் சொன்னதைச் சொன்னேன். விசா வரும், டிக்கெட் வரும், பண்ணைக்குக் கேபின் உள்ள நடுத்தர வண்டி ஒன்று வாங்கப்போகிறார்கள் என்றேன்.

"நல்லது சார். இனிமே உக்கார்றவனுக்கு அது உதவும்" என்றார். "நான் வரலைங்க. இங்க அறுவடை மிஷின் ஓட்டப் போறேன். கண்ணும் இன்னும் வெயில்ல கூசிக்கிட்டுத்தான் இருக்கு. போதும் சார்."

நான் மேலும் வற்புறுத்தினேன். அவர் மறுத்துவிட்டார். கோபம் இல்லாத குரல். அந்தக் குரலுக்கு முன்னால் என்னால் எதையும் மூடி வைத்துக்கொண்டு பேச முடியவில்லை.

"முருகேசா, ஜனவரியில நீ சொன்னதை நான் அந்த ரிப்போர்ட்ல எழுதலை" என்றேன்.

"தெரியும் சார்."

"எப்படித் தெரியும்? அது இங்கிலீஷ்ல இருந்துச்சே."

"பக்கத்துலதான சார் நின்னேன். எனக்கு அதைப் படிக்கத் தெரியாது, ஆனா அதையும் எழுதுவீங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். நீங்க மூணு வரியில முடிச்சுட்டீங்க. நான் சொன்னதையும் எழுதியிருந்தா மூணு வரியில அடங்காது சார்."

பிறகு ராமையாவின் உடம்பைப் பற்றி விசாரித்தார். உப்பைக் குறைக்கச் சொல்லுங்கள் என்றார். வைத்துவிட்டார்.

உங்கள் கையில் இருக்கும் ஆய்வுப் படிவத்தில், வண்டியின் எண்ணுக்கும் கையெழுத்துக்கும் நடுவில், 'ஓட்டுநர் சொன்னது' என்று ஒரு கட்டம் இருக்கிறது. எதற்கு இது, இடத்தை அடைக்கிறது என்று உங்களில் ஒருவர் போன வாரம் கேட்டீர்கள். ஸ்பேர் பார்ட்ஸ் கவுண்டரிலிருந்து திரும்பி வந்த பிறகு நான் கேட்டு வாங்கிய கட்டம் அது. அரைப் பக்கம் விடச் சொன்னேன். வண்டியைப் பார்க்கும் முன் அதை நிரப்புங்கள். காற்று அடிக்கிற நாளில் போங்கள்.